நாவலில் பேசுவது யார்?

2025ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கூமாப்பட்டிக்கு வந்த கூட்டத்தை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளூர் வாலிபர் ஒருவர் கைபேசிக்கு முன் நின்றுகொண்டு தமது ஊர்த் தண்ணீரையும், மலையையும், தென்னந்தோப்பையும் வாயாரப் புகழ்ந்து, எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தார். லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் பிளவக்கல் அணைவரை வந்து, அணைக்குள் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனார்கள்.

அந்த வாலிபர்மீது நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன் ஊரைத் தானே புகழாமல் வேறு எவன் வந்து புகழப் போகிறான்? நாம் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. இதே மலையையும் இதே அணையையும் சர்க்கார் புத்தகத்தில் படத்தோடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்திருந்தாலும் பத்துப் பேர் கிளம்பியிருக்க மாட்டார்கள். ஒரு ஆள் வந்து, “நான் இந்த ஊர்க்காரன், இங்கே நின்றுகொண்டு சொல்லுகிறேன்” என்ற மாதிரியில் பேசியதும் கிளம்பிவிட்டார்கள். ஆகவே, ஜனங்கள் நம்பியது தண்ணீரின் குணத்தை அல்ல. “நான்” என்ற சொல்லையும் “இங்கே” என்ற சொல்லையும் நம்பினார்கள்.

இந்த இரண்டு சொற்களின் சக்தி கதை சொல்லுகிறவர்களுக்கு வெகு காலமாகவே தெரியும். புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் யார்? சூதர். எங்கே சொன்னார்? நைமிசாரணியத்தில். யாருக்குச் சொன்னார்? அங்கே கூடியிருந்த முனிவர்களுக்கு. ஆளும் இடமும் இவ்வளவு கணக்காகச் சொல்லப்பட்ட பிறகு, “ஐயா, சூதர் இதைக் கண்ணால் பார்த்தாரா?” என்று கேட்க எவனுக்கும் வாய் வருவதில்லை. வரக்கூடாது என்பதற்காகத்தான் ஆளும் இடமும் முதலிலேயே சொல்லப்படுகின்றன.

நாவல் என்பது புராணம் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாவலைப் படிக்கிறவர்கள் பலர் அதைப் புராணம் கேட்பது போலவே கேட்கிறார்கள். அதிலும் பிள்ளைப் பிராயத்தைப் பற்றிய நாவல் என்றால், சொல்லுகிறவன் பிள்ளை, பிள்ளை பொய் சொல்லாது என்று கண்ணை மூடிக்கொள்ளுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது நாற்பது அல்லது நாற்பத்தைந்து வயது என்பதையும், அவர் கையில் பேனாவும் எதிரில் ஒரு பத்திரிகாசிரியரும் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து போகிறார்கள். கோர்ட்டிலே ஒருவன் சாட்சி சொல்ல வந்தால் நீ எங்கே நின்றாய், அங்கிருந்து அது தெரியுமா, யாருக்கு நீ உறவு என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்விகளை நாவலில் பேசுகிறவனிடமும் கேட்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அப்படிக் கேட்டால் கதையின் ருசி கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நல்ல கதைக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அசோகமித்திரன் எழுதிய “18வது அட்சக்கோடு” 1977இல் வெளிவந்தது. நகரத்தில் வளருகிற ஒரு பையனைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் கதைகளில் இதைவிட யோக்கியமானதை நாம் படித்ததில்லை. இந்தப் பெயரைக் கேட்டதுமே நமது தோழர்கள் சிலர், “பார்ப்பன வீட்டுப் பையன் சொன்ன கதை நமக்கெதற்கு?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிறதோடு நின்றுவிடாமல் படிக்கவும் வேண்டும். சாட்சியின் ஜாதியைத் தெரிந்துகொள்ளுவது அவசியம்தான். ஏனென்றால் அவன் எந்தத் தெருவில் நின்று பார்த்தான் என்பது அதிலிருந்து தெரியும். ஆனால் ஜாதியைத் தெரிந்துகொண்டதோடு விசாரணை முடிந்து விட்டது என்று எழுந்து போகிற நீதிபதியை நாம் மதிப்போமா?

அந்தக் கதை நடக்கிற இடம் செகந்திராபாத். கூமாப்பட்டி ஒன்பதரைப் பாகையை ஒட்டி இருக்கிறதென்றால், செகந்திராபாத் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினேழரைப் பாகை சுமாருக்கு இருக்கிறது. அட்சக்கோடு என்பது இந்தக் கணக்குத்தான். ஹுசேன் சாகர் என்ற பெரிய ஏரிக்கு ஒரு பக்கத்தில் நிஜாமின் ஹைதராபாத். மற்றொரு பக்கத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக வளர்ந்த செகந்திராபாத். ஆசிரியர் 1931இல் அங்கேயே பிறந்து, தகப்பனார் இறந்த பிறகு 1952இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய கதையில் வரும் சந்திரசேகரன் என்கிற பையனும் அவ்வூரில், லான்சர் பாரக்ஸ் என்கிற குடியிருப்பில், ரயில்வே உத்தியோகஸ்தரின் மகனாக வளருகிறான். வீட்டிலே தமிழ், தெருவிலே உருது, கல்லூரியிலே இங்கிலீஷ். பக்கத்தில் முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருக்கிறது. பையனுக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும், சைக்கிளில் சுற்ற வேண்டும். மற்றக் கவலை அவனுக்கு முதலில் கிடையாது.

இதில் ஊர் எப்படி வருகிறது என்று பாருங்கள். நம்மவர்களில் பலர் ஒரு நகரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் மணிக்கூண்டு, அப்புறம் கடைத்தெரு, அப்புறம் ரயிலடி, விளக்கு வெளிச்சம் என்று பத்துப் பக்கம் வருணிப்பார்கள். கம்பர் காலத்து நகரப் படலம் இன்னும் அவர்களை விட்ட பாடில்லை. இந்த நாவலிலே அது இல்லை. பையன் சைக்கிளில் போகிற வழிதான் ஊர். எந்த வீட்டுக்குள் தடையில்லாமல் போகலாம், எந்த வீட்டு வாசலோடு நிற்க வேண்டும், எந்த மைதானத்தில் எவனோடு ஆடலாம் என்பதுதான் ஊர். அரசியல் மாறமாற அந்த வழிகள் ஒவ்வொன்றாகச் சுருங்குகின்றன. நேற்றுச் சாதாரணமாகப் போன தெருவுக்கு இன்று போகப் பயமாக இருக்கிறது. இன்னின்ன கலவரம் நடந்தது என்று பத்திரிகைச் செய்தி போலச் சொல்லாமல், ஒரு சைக்கிள் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதைக் கொண்டே ஒரு ராஜ்யம் கவிழுவதைக் காட்டிவிடுகிறார். இடத்தை இப்படி எழுதுவது சுலபமல்ல.

அந்த ராஜ்யம் கவிழ்ந்த கதை நமது வாசகர்கள் அறிந்ததே. 1947இல் வெள்ளைக்காரன் போன பிறகும் நிஜாம் இந்தியாவோடு சேராமல் நின்றார். காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை ஒரு பக்கம் அட்டூழியம் செய்தது. மற்றொரு பக்கம் தெலங்கானாவின் குடியானவர்கள் ஜமீன்களையும் வெட்டி வேலையையும் எதிர்த்து 1946 முதற்கொண்டே ஆயுதம் எடுத்திருந்தார்கள். 1948 செப்டம்பர் 13ந் தேதி இந்தியப் பட்டாளம் நுழைந்தது. 17ந் தேதி நிஜாம் பணிந்தார். போலீஸ் நடவடிக்கை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகம் அதிகமாகப் பேசாது. சர்க்காரே அனுப்பிய சுந்தர்லால் குழு ஊர் ஊராகப் போய் விசாரித்து, 27,000 முதல் 40,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று கணக்குச் சொல்லிற்று. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த அறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படாமலே கிடந்தது.

இனி நாவலின் குரலுக்கு வருவோம். இந்தக் கதையைச் சில இடங்களில் பையனே “நான்” என்று சொல்லுகிறான். சில இடங்களில் அதே பையனை “சந்திரசேகரன்” என்றும் “அவன்” என்றும் வேறொருவர் சொல்லுகிறார். இரண்டும் மாறி மாறி வருகின்றன. இலக்கண வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்து, தன்மையா படர்க்கையா ஏதாவது ஒன்றைத் தீர்மானம் செய் என்று எழுதி விடுவார். நமக்கோ இதுதான் அந்தப் புத்தகத்தின் யோக்கியதைக்கு முதல் அத்தாட்சி என்று படுகிறது. ஏன்? நாற்பத்தைந்து வயதுக்காரர் பதினாறு பதினேழு வயதுப் பையனாக வேஷம் போட்டுக்கொண்டு கடைசிவரையில் கலைக்காமல் நடித்தால், அதை நாம் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லுவோம். இவரோ வேஷத்தைப் போட்டுக்கொள்ளுகிறார், கழற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்று அந்தப் பையனைப் பார்க்கிறார், மறுபடியும் போட்டுக்கொள்ளுகிறார். இது என் கண்ணால் கண்டது, இது பிற்காலத்தில் நான் நினைத்தது என்று பிரித்துக் காட்டுகிற சாட்சியைப் போல நடந்துகொள்ளுகிறார். நாமும் நமது சிறு வயதை நினைக்கும்போது அப்படித்தானே நினைக்கிறோம்? சில சங்கதிகள் இன்னும் நமக்கு நடந்தவையாக இருக்கின்றன; சிலவோ யாரோ ஒரு பையனுக்கு நடந்தவையாகத் தோன்றுகின்றன.

ஆனால் முக்கியமான பரீட்சை இனித்தான் இருக்கிறது. சாட்சி தன் கட்சிக்கு விரோதமாக என்ன சொன்னான்? ரஜாக்கர் செய்த அட்டூழியத்தைச் சொல்லிவிட்டு, பட்டாளம் வந்தது, விடுதலை கிடைத்தது, கொடி பறந்தது என்று முடித்திருந்தால் 1977இல் அவரை யார் என்ன கேட்டிருப்பார்கள்? மாலை போட்டிருப்பார்கள். அவர் அப்படி முடிக்கவில்லை. வெற்றி பெற்ற கட்சியின் கலவரத்துக்கிடையில் அந்தப் பையன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். பையன் யாரையும் அடிக்க வந்தவன் அல்ல. ஆனால் அந்த வீட்டாருக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே நுழைந்த எந்த இந்துவும் அவர்களுக்கு எமன்தான். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண், அவன் வயதுப் பெண், முன்னே வந்து தன் உடையைக் களைகிறாள். பையன் அலறிப் புடைத்து ஓடுகிறான். கதை முடிகிறது.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு நாம் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொன்றவன் அவனல்ல, கொள்ளையடித்தவனும் அவனல்ல. ஆனாலும் ஒரு பெண்ணின் பார்வையில் தான் யாராகத் தெரிந்தோம் என்பதை அந்தப் பையன் தெரிந்துகொண்டான். “நான் நிரபராதி” என்று சொல்லுவதற்காகவே பிள்ளைப் பிராயத்து நாவல் எழுதுகிறவர்கள் உலகத்தில் ஏராளம். தன்னைக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதியவர்கள் அபூர்வம். சர்க்கார் அறிக்கை இருட்டிலே கிடந்த காலத்தில் அந்த அறிக்கையின் சாரத்தை ஒரு பையனின் ஓட்டத்தில் வைத்துத் தமிழில் எவரும் வாங்கிப் படிக்கக்கூடியபடி அச்சேற்றியிருக்கிறார். இதைச் செய்தவர் எந்த ஜாதியில் பிறந்தார் என்பதற்காக நாம் இதைத் தள்ளிவிட்டால் நஷ்டம் அவருக்கல்ல.

இதிலும் குறை இல்லையா என்றால், இருக்கிறது. தெலங்கானாக் குடியானவன் இந்தக் கதையில் தூரத்துச் செய்தியாகத்தான் இருக்கிறான். நிஜாமுக்கு விரோதமாக முதலில் தடி எடுத்தவன் அவன். அவனுடைய வயலும் அவனுடைய குழந்தையும் ரயில்வே குடியிருப்பில் இருக்கிற பையனின் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் விட்டதற்காக ஆசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையின் பேனா இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்க முடியும்.

நிற்க. சென்னைப் பட்டணத்துக்கு வருவோம். ஜெயகாந்தனின் “உன்னைப்போல் ஒருவன்” சேரிக் குடிசையில் வளருகிற சிட்டி என்ற பையனைப் பற்றியது. தாய் சித்தாள் வேலை செய்கிறவள். இதையே அவர் படமாகவும் எடுத்து, 1965இல் அதற்கு மத்திய சர்க்காரின் பரிசும் கிடைத்தது. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்து, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சாபீசில் வேலை பார்த்தவர். ஆகையால் அவர் எழுதுகிற பட்டணம் அவருக்குத் தெரிந்த பட்டணம்தான். சேரி ஜனங்களின் பாஷையைக் கோமாளிப் பாஷையாக ஆக்காமல், மனிதர்களின் பாஷையாகவே அச்சில் ஏற்றினார். அதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி செலுத்தினாலும் தகும். ஆனால் சிட்டி பேசி முடித்ததும் அவனுக்காக ஆசிரியர் எழுந்து பேச ஆரம்பித்துவிடுகிறார். அவர் சாட்சியாக நிற்பதைவிட வக்கீலாக நிற்பதில்தான் அதிகப் பிரியமுள்ளவர். நல்ல வக்கீல், பீஸ் வாங்காத வக்கீல், ஆனாலும் வக்கீல்தான். சிட்டியே “நான்” என்று ஆரம்பித்திருந்தால் ஜெயகாந்தனுக்குக்கூடத் தெரியாத ஏதோ ஒன்றை அவன் சொல்லியிருப்பான் என்று நமக்குத் தோன்றுகிறது.

சீமையிலும் இந்தச் சங்கடம் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1824இல், பன்னிரண்டு வயதில், தகப்பன் கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, லண்டனில் பூட்ஸ் மை செய்கிற ஒரு கொட்டகையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் சீமை முழுவதும் பேர் பெற்ற பிறகும் இதை ஒரு நண்பர் தவிர வெளியார் அறிய விடவில்லை. வெட்கம்! ஆனால் 1849-50இல் எழுதிய “டேவிட் காப்பர்பீல்டு” நாவலில் வேறொரு பையன் வாயால் “நான்” என்று சொல்லி அதையே எழுதிவிட்டார். உண்மையைச் சொல்லப் பொய்ப்பெயர் தேவைப்பட்டது. சீட்டு ஒட்டுகிற குழந்தைகளைப் பற்றி நமது ஜில்லாக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் கிராமங்களுக்கு வந்து நின்ற சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனி பஸ்களை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்து, மெல்ல மெல்ல அந்த பஸ்களும் நின்றன. அந்த பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போன குழந்தைகள் இன்று தாய் தகப்பன்மார்களாக நம்மிடையே நடமாடுகிறார்கள். டிக்கன்ஸுக்கு இருந்த வெட்கம் அவர்களுக்கும் இருக்கலாம், நாம் அறியோம்.

வெட்கத்தை உடைக்கிற குரல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கூமாப்பட்டிக்காரர் லண்டனுக்கும் போக வேண்டாம், செகந்திராபாத்துக்கும் போக வேண்டாம். நமது வத்திராயிருப்பு வட்டாரத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் “கருக்கு” எழுதினார். அது கிராமத்துக் கதை; முழுக்க நாவல் என்றும் சொல்ல முடியாது, சொந்தச் சரித்திரம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைக் குரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதில் ஒரு இடம். தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் அதைத் தின்னப்போகிற மேல் ஜாதி முதலாளிக்குத் தீட்டு, அதனால்தான் என்கிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்த இடத்தைப் பெரியவரின் வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு முறையீடு. பிரசங்கியின் வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு கண்டனம். சிறுமியின் வாயால் சொன்னதனால், அவள் சிரித்தபோது நாமும் சிரித்துவிட்டு மாட்டிக்கொள்ளுகிறோம். ஜாதியைக் கண்டிக்க நாம் போட்ட கூட்டங்களுக்கெல்லாம் வராத ஒருவனைக்கூட அந்தச் சிரிப்பு பிடித்துக்கொள்ளும். அதுவும் நமது வட்டாரத்துப் பேச்சிலேயே, வாத்தியார்கள் திருத்தி ஒழிக்கப் பார்க்கிற அதே பேச்சிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புத்தகம் வந்தவுடன் சொந்த ஊராரில் பலர் தங்கள் மானம் போயிற்று என்று ஆசிரியர்மேல் கோபித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே அதன் அருமையைத் தெரிந்துகொண்டார்கள்.

இப்பொழுது நமது வட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பூருக்கும், கோயமுத்தூருக்கும், சென்னைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனிக் குடியிருப்பிலும், கட்டிட வேலை நடக்கிற இடத்துத் தகரக் கொட்டகையிலும் வளருகிற அவர்களின் குழந்தைகளுக்கும் நகரத்துப் பிள்ளைப் பிராயம் உண்டு. அது லான்சர் பாரக்ஸ் பையனுடையது அல்ல; அவனுக்குச் சைக்கிளாவது இருந்தது. திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது இந்தக் குழந்தைகள் பேசுவதைக் கேட்டால் பாதி ஊர்ப்பேச்சும் பாதி கொங்குப்பேச்சுமாக இருக்கும். கிழவிகள் கேலி செய்வார்கள். கேலி செய்ய வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கலப்புப் பேச்சுத்தான் அந்தக் குழந்தை எங்கே நின்றது என்பதற்கு அத்தாட்சி. பள்ளிக்கூடத்தில் “என் கோடை விடுமுறை” என்று கட்டுரை எழுதச் சொன்னால், அந்தக் குழந்தைகூட வாத்தியாருக்குப் பயந்து ஊட்டிக்குப் போனதாக எழுதி வைக்கிறது. பத்து மார்க்கும் வாங்கிவிடுகிறது.

கோடையில் அவர்கள் ஊருக்கு வந்திருக்கும்போது, வாசகசாலைத் தோழர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பதில் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது. ஊட்டியைப் பற்றி எழுத வேண்டாம். மணிக்கூண்டைப் பற்றியும் வேண்டாம். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், குடத்தை யார் முதலில் வைக்கலாம், எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், எந்தத் தெருவுக்குள் போகாதே என்று அம்மா சொன்னாள், ஏன் என்று கேட்டபோது என்ன பதில் சொன்னாள், இவற்றை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். திருத்துகிறேன் என்று யாராவது சிவப்புப் பேனாவோடு வந்தால் அவரைக் கொஞ்சம் வெளித் திண்ணையில் உட்கார வைத்து ஒரு காப்பி கொடுங்கள்.